மூன்றாம் நம்பர் கண்ணாடி

உழவர்கரை,
17-3-24

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா காத்தவராயன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். என் வலது முட்டி மட்டும் சுகமில்லை. அதை நீ தனியாக விசாரித்து எழுதினால் அதற்கும் ஆறுதலாக இருக்கும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா போனில் சொன்னால் இரண்டு மடங்காகிவிடும்.

நீ சொன்னதன் பேரில் இஞ்சினியர் விஜயராகவன் தம்பி என்னை வாட்ச்மேனாகப் போட்டிருக்கிறாரே, வெள்ளைக்காரன் காலத்தில் பத்திரம் பதிந்த அந்த நொத்தேர் வீட்டுக்குப் போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்தார். தொப்பி, முறுக்கு மீசை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தா பென்ஷன்காரர் போல நிமிர்ந்த நெஞ்சு. கேட்டில் நின்று ஏதோ கேட்டார். இந்த மீசையிலிருந்து பிரெஞ்சுதான் வரும் என்று நானே முடிவு கட்டி, எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சை எடுத்துவிட்டேன். "வீ மெஸ்யே, வீ." ஆமாம் ஐயா, ஆமாம். அவர் மகிழ்ந்துபோய் இன்னொன்று கேட்டார். அதற்கும் "வீ." மனுஷர் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிவந்து, நம் கொத்தனார் அம்மாவாசை சுண்ணாம்பு ஊறவைத்திருந்த குழியின் மேல் பலகையில் ஏற்றி நிறுத்தினார். பலகை முறிந்து முன்சக்கரம் சுண்ணாம்புக்குள் போய்விட்டது.

அம்மாவாசை தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் மாமா, வண்டிய உள்ள உடலாமா, இந்தப் பலகை தாங்குமான்னு அவரு நல்ல தமிழ்லதான கேட்டாரு? நீ என்னாத்துக்கு வீ வீங்கற?"

தமிழில்தான் கேட்டாராம். மீசை அவ்வளவு அடர்த்தி, பாப்பா.

மற்றபடி வேலை சுகம்தான். கீழே தமிழ் வீடு, மேலே வெள்ளைக்காரன் மாடி என்று இரண்டு காலத்தில் கட்டிய வீடாம். அதைப் பழையபடி நிமிர்த்தி நூலகம் வைக்கப்போகிறார்கள். கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு ஓடுகிறது. அதன் குறுக்கே விரல் அகலத்தில் ஆறு கண்ணாடித் துண்டுகளைத் தம்பி ஒட்டி, முனைகளில் ஜிப்சம் பூசி, நம்பரும் தேதியும் எழுதியிருக்கிறார்: 27-1-24. எதற்கு என்று கேட்டேன். நிறைய நேரம் விளக்கினார். நானும் நிறைய நேரம் தலையாட்டினேன். கடைசியில் விரலை நீட்டி ஒன்று சொன்னார். அது என்னவென்று அம்மாவாசை கழுத்தில் கையால் கோடு கிழித்துக் காட்டினான்: கண்ணாடியில் எவன் கை வைத்தாலும் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவாராம்.

என்னைப் போனுக்குக் கூப்பிடாதே. அதை உன் அம்மா கையிலிருந்து பிடுங்க எனக்கு வலு கிடையாது. கடிதமென்றால் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பத்து தடவை படிக்கலாம்.

உன் அப்பா.


பதான், குஜராத்,
30 மார்ச் 2024

அன்பான அப்பாவுக்கு, உங்கள் வலது முட்டிக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகள். இடது முட்டி கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நலம். சப்பாத்தி மட்டும்தான் எனக்கும் சுகத்துக்கும் நடுவில் நிற்கிறது.

இங்கே படிக்கிணற்றில் நாலாவது அடுக்குவரை மண் வாரிவிட்டோம். சரிந்து விழுந்த கற்களுக்கு ஒவ்வொன்றாக நம்பர் போட்டு, எந்தக் கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, அதே இடத்தில் திரும்ப ஏற்றுகிறோம். ஒரு கல்லுக்கு ஒரு நாள் ஆகிறது. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஸ்கூட்டர் கதையைப் படித்து இங்கே கூடாரமே சிரித்தது. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை உங்களிடம் கொடுத்தார். படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் பாப்பா, அப்படியே இரு" என்றீர்கள். கை முழுக்கச் சிராய்ப்பு, இப்போது ஆறிவிட்டது. அப்படியே இருக்கச் சொன்னதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

முத்தங்களுடன்,
குழலி.


உழவர்கரை,
22-5-24

அன்பு மகளுக்கு. நீ விழுந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அன்று உன் அம்மா பக்கத்திலேயே மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். சிராய்ப்பில் எண்ணெய் வைத்தாயா? நாங்கள் சுகம்.

நொத்தேர் வீட்டில் ஒரு விசேஷம். வெடிப்புக்கு நேர் கீழே ஆளுயரத்துக்குக் குழி வெட்டிப் பார்த்தார்கள். உன்னைப் போலவே தூரிகை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் வந்து ஒரு வாரம் மண்ணைத் தடவினார்கள். உள்ளே இன்னொரு சுவர்! இந்த வீட்டுக்கும் முன்னால் யாரோ கட்டிய வீட்டின் அடித்தளம், ஒவ்வொரு செங்கல்லும் ரொட்டி அளவு. நம் சுவர் பாதி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, மீதிப் பாதி வெறும் மணல் மேல். அம்மாவாசை எட்டிப் பார்த்து, "ஒரு கால் பெஞ்சு மேல, ஒரு கால் தண்ணி மேல நிக்கறான் பாரு" என்றான்.

பக்கத்து மனையில் ஓட்டல் கட்டுகிறார்கள். பூமிக்குள் கார் நிறுத்த ஒரு தளம் வேண்டுமாம். தினம் பத்தரைக்கு இரும்புத் தூண்களை அடித்து இறக்க ஆரம்பிக்கிறார்கள், ஞாயிறுகூட விடுவதில்லை. மில்லில் இருபத்தெட்டு வருஷம் தறிகளுக்கு நடுவே நின்ற கால் இது. எந்தத் தறி நின்றுபோனது என்று உள்ளங்கால்தான் எனக்கு முதலில் சொல்லும். இப்போதும் பத்தரை ஆனால் சொல்கிறது: ஆரம்பிச்சுட்டான். எத்தனை மணிக்கு அடி, எத்தனை மணிக்கு ஓய்வு என்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தினமும் எழுதிவைக்கிறேன். கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

அப்பா.


உழவர்கரை,
3-7-24

அன்பு மகளுக்கு. சுகம். அம்மா சுகம். வேலை நடக்கிறது.

உன் பட்டமளிப்பு போட்டோவின் கண்ணாடி உடைந்துவிட்டது. பல்லி ஓடியதில் ஆணி கழன்று விழுந்தது. போட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மா வேறு மாதிரி சொன்னால் நம்பவேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா.


பதான்,
16 ஜூலை 2024

அன்பான அப்பாவுக்கு, நான் நலம். நீங்கள் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஒரு கேலிகூட இல்லாத கடிதம் உங்களிடமிருந்து இதுவரை வந்ததில்லை. வேறு யாராவது எழுதினார்களோ என்று தேதியைப் பார்த்தேன். இல்லை, உங்கள் கைதான். ஏழு போட்டுவிட்டு அதன் காலைப் பன்றிவால் மாதிரி சுருட்டிவிடுகிறவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

காய்ச்சலா? அம்மாவோடு சண்டையா? விஜயராகவன் அண்ணன் ஏதாவது சொன்னாரா? பல்லியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஆணியை அடித்தவர் நீங்கள். கழலும்படி நீங்கள் எதையும் அடிப்பதில்லை.

எழுதுங்கள்.
குழலி.


உழவர்கரை,
11-8-24

அன்பு மகளுக்கு. பதில் தாமதமானதற்கு முட்டியைத்தான் சொல்லவேண்டும், அது ஒன்றும் மறுத்துப் பேசாது. நாங்கள் சுகம். அம்மாவோடு சண்டை வழக்கமான அளவில்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் மாடிக்குப் புதுத் தளம் போடப்போகிறார்கள். மழைக்கு முன் முடிக்கவேண்டுமாம். தேக்கு விட்டங்கள் வந்துவிட்டன. செங்கல்லை முற்றம் முழுக்க அடுக்கியாகிவிட்டது. விஜயராகவன் தம்பி தினமும் ஆறு கண்ணாடியையும் பார்த்துவிட்டு, "அங்கிள், ஆறும் அப்படியே இருக்கு, செவுரு நம்ம பக்கம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அந்த நேரம் பார்த்து எனக்குக் கேட்டைப் பூட்டும் வேலை வந்துவிடும்.

அம்மாவாசையும் அவன் ஆட்கள் ஆறு பேரும்தான் அந்தச் சுவரடியில் நின்று வேலை செய்யப்போகிறவர்கள். அவன் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். உன்னையும் கூப்பிடச் சொன்னான்.

நீ படித்த படிப்பில் ஒரு சந்தேகம் கேட்க நினைத்தேன். நேரில் வரும்போது கேட்டுக்கொள்கிறேன். அவசரமில்லை.

அப்பா.


பதான்,
27 ஆகஸ்ட் 2024
விரைவுத் தபால்

அன்பான அப்பாவுக்கு. உங்கள் சந்தேகம் அவசரமானது. அதனால் நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

தளம் ஏற்றலாமா என்று என் அபிப்பிராயம் கேட்டு, விஜயராகவன் அண்ணன் ஆறு கண்ணாடிகளின் படத்தையும் அனுப்பியிருந்தார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். ஐந்து கண்ணாடியில் 27-1-24 என்ற தேதியில் அப்படித்தான் இருக்கிறது. மூன்றாம் நம்பரில் மட்டும் ஏழுக்குக் கோடு இல்லை, வால் சுருண்டிருக்கிறது. அந்த வாலைப் பார்த்தபோது என் போட்டோவின் கண்ணாடி எங்கே போனது என்பதும் புரிந்துவிட்டது.

அப்பா, தப்பு என்னுடையதும்தான். முதல் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே இதைச் சொல்லியிருக்கவேண்டும். கண்ணாடி வளையாது. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். உடைய வேண்டும் என்றுதான் அதை வைக்கிறோம். அது உடைந்தால் யார் வேலையும் போகாது, அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் புதிதாக வைத்த கண்ணாடி, சுவர் அசையவில்லை என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி மேலே டன் கணக்கில் ஏற்றுவார்கள். கீழே அம்மாவாசை அண்ணன் நிற்பார்.

இதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. செப்டம்பர் பத்துவரை மேலே எதையும் ஏற்றவேண்டாம், சுவரடியில் ஆள் நிற்கவேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டார். ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். பத்தாம் தேதிக்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அது உங்கள் வாயால் வந்ததாக இருக்கும். இல்லாவிட்டால் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முட்டி எப்படி இருக்கிறது?

குழலி.


உழவர்கரை,
5-9-24

அன்பு மகளுக்கு. முட்டி நடுங்குகிறது, மற்றபடி சுகம்.

நடந்ததை எழுதுகிறேன். ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு விடுமுறை, நான் மட்டும் கேட்டில். சாயங்காலம் சுற்றிவந்தபோது மூன்றாம் நம்பர் குறுக்கே உடைந்திருந்தது. அதற்குப் பக்கத்து ஆணியில்தான் என் சாப்பாட்டுத் தூக்கை மாட்டுவேன். தூக்கு ஆடி இடித்துவிட்டது என்றே நினைத்தேன். கணக்கு முடித்து அனுப்புவது எனக்குப் புதிதில்லை, மில்லே ஒருநாள் எங்கள் எல்லோருக்கும் முடித்துவிட்டதே. ஆனால் இங்கே எல்லோருக்கும் நான் கார்குழலியின் அப்பா. உன் பெயரும் சேர்ந்து வெளியே போகுமே என்று பயந்தேன். வீட்டிலிருந்த கண்ணாடியை நெல்லித்தோப்புக் கடையில் அறுத்து வாங்கி, மறுநாள் விடியும்போதே ஒட்டிவிட்டேன். பழைய மில் ஆள் கை பார், துளிகூடக் கோணவில்லை. ஏழில்தான் மாட்டினேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை போனவுடன் சொல்லிவிட்டேன். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னேன். என் மெதுவு சாரத்தின் மேல் நின்றவன்வரை கேட்டிருக்கிறது. அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

தம்பி நேரே மூன்றாம் நம்பர்கிட்ட போய் அந்த வால் சுருண்ட ஏழை விரலால் தடவினார். பிறகு கையைத் தட்டி, "எல்லாரும் வெளிய வாங்க, செவுராண்ட ஒருத்தரும் நிக்கக் கூடாது" என்றார். அம்மாவாசை என்னைத் தாண்டிப் போகும்போது என் தோளில் ஒரு குத்து விட்டான். "கண்ணாடிய ஒட்டனவன் கையில ஒரு கரண்டியக் குடுத்திருந்தா எனக்கு ஒத்தாசையா இருந்திருக்கும் மாமா."

சத்தம் கேட்டுப் பக்கத்து மனை வாட்ச்மேன் மண்ணாங்கட்டி வேலியோரம் வந்துவிட்டான். "அந்த ஞாயித்துக்கெழமதான? மூணு மணிக்கு வெடி வெடிச்சாப்புல இருந்துது. நான் இந்தாண்டருந்து ஓடியாந்து எட்டிப் பாத்தேன். இந்தாளு முதுகக் காட்டிக்னு ஆடாம அசையாம உக்காந்துருந்தாரு."

தம்பி என் முகத்துக்கு நேரே வந்து கேட்டார். "அவ்ளோ சத்தம் கேட்டுதாமே அங்கிள். நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கண்ணசந்துட்டேன் தம்பி."

அத்தனை பயத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செவுரு வெடிக்குது, வாட்ச்மேன் கொறட்டை விடறாரு என்று ஒருவன் நடித்தே காட்டினான். நானும் சிரித்தேன். இனி இங்கே என் பெயர் தூங்குமூஞ்சி.

அந்த நாட்களில் பக்கத்தில் என்ன வேலை நடந்தது என்று தம்பி கேட்டபோது என் காலண்டர் தாள்களைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். என் கணக்கை முடிப்பதா வேண்டாமா என்று இன்னும் சொல்லவில்லை. நாளைக்கும் தூக்கு எடுத்துக்கொண்டுதான் போவேன். ஆணி மட்டும் வேறு.

அப்பா.


பதான்,
19 செப்டம்பர் 2024

அன்பான அப்பாவுக்கு. நான் நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாலாவது அடுக்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

தளம் தள்ளிப்போய்விட்டது. மணல் மேல் இருக்கும் பாதிக்கு அடியில் முழம் முழமாகத் தோண்டி, சுண்ணாம்பில் செங்கல் கட்டிக்கொண்டே போகப்போகிறார்கள். பக்கத்து மனைக்காரர்களும் தூண் அடிப்பதை நிறுத்தச் சம்மதித்துவிட்டார்கள். அது உங்கள் காலண்டர் தாள்களால்தான். எந்தெந்த நாளில் எத்தனை மணிவரை என்று உங்கள் தாளில் இருந்தது. அவர்களால் மறுக்க முடியவில்லை.

அந்தத் தாள்களை அண்ணன் படமெடுத்து எனக்கும் அனுப்பினார். ஜூன் 23 தாளில் எழுதியிருக்கிறீர்கள்: "மூணு மணி. பெரிய அடி ஒன்று. கால் கூசியது."

அப்பா, மூன்று மணிக்கு இதை எழுதியவர் மூன்று மணிக்கு எப்படித் தூங்கியிருப்பார்? நீங்கள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லையே.

உங்களுக்கு எப்போது எழுதத் தோன்றுகிறதோ அப்போது எழுதுங்கள். மார்கழியில் வருகிறேன்.

குழலி.


உழவர்கரை,
8-12-24

அன்பு மகளுக்கு. இரண்டரை மாதமாக உன் கடிதம் என் பாக்கெட்டிலேயே இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது. நாங்கள் சுகம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை.

முதலில் நல்ல சேதி. போன வாரம் புயல் மழையில் பாதி ஊர் மிதந்தது. மழை விட்டதும் தண்ணீரில் நடந்தே போய்ப் பார்த்தேன். ஆறு கண்ணாடியும் முழுசாக இருந்தன. மூன்றாம் நம்பரைத் தம்பியே புதிதாக வைத்து, கோடு போட்ட ஏழாக எழுதியிருந்தார். அம்மாவாசை கட்டிய அடித்தளம் கல் மாதிரி நிற்கிறது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், அசைவே இல்லை. இந்தச் சுவர் இனி நம் எல்லோரையும் விட அதிக நாள் இருக்கும். தையில் அம்மாவாசை பெண் கல்யாணம் முடிந்த கையோடு தளம் போடுகிறார்கள்.

என் கணக்கையும் தம்பி முடித்துவிட்டார். "அன்னைக்கே சொன்னேன்ல அங்கிள், கை வச்சா கணக்கு முடிச்சுடுவேன்னு? வாட்ச்மேன் கணக்கு முடிஞ்சுது. நாளையிலேருந்து கண்ணாடி நோட்டு உங்க கையில." தினம் இரண்டு வேளை ஆறையும் பார்த்து எழுதவேண்டும். கேட்டுக்கு வேறு ஆள் வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். தூக்கம் வருது தம்பி என்றேன், உடனே நம்பிவிட்டார். உன் போட்டோவுக்கு அதே நெல்லித்தோப்புக் கடையில் புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன். "இந்தத் தடவ எந்த செவுத்துக்கு?" என்று கேட்கிறான் கடைக்காரன்.

மார்கழியில் வரும்போது பின்னாலிருந்து கூப்பிடாதே. முன்னால் வந்து நின்று பேசு. மில்லில் நாங்கள் எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசினோம். நேரில் நின்றால் முக்கால்வாசி பிடித்துவிடுவேன். போனில் வாய் தெரிவதில்லை. அதில் நீ பேசும்போது எனக்குக் கேட்பதெல்லாம் நீ பத்தாம் வகுப்பில் பேசிய குரல்தான், அதை நானே நினைவில் இருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதனால்தான் எதற்கெடுத்தாலும் சந்தோஷம் என்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். அத்தனை பேருக்கு நடுவில் தம்பி கேட்டபோது தூங்கிவிட்டேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது. தூங்கின வாட்ச்மேனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள்.

நான் தூங்கவில்லை பாப்பா. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பென்சில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் இருபதடியில் சுவர் வெடித்தபோது காலுக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை.